ஒளிந்து பழகிய நாம் ஒளியேற்றிச் செல்வோம்

குளிர்காலத்தில் இலண்டன் மாலை எவ்வளவு குறுகியது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போதே இருட்டு. பெரியவர்களும் இருட்டில் வேலைக்குப் புறப்பட்டு இருட்டிலேயே வீடு திரும்புகின்றனர். இவர்களுள் சைக்கிளில் செல்வோர் எமது சமூகத்தில் கணிசமானோர். ரயில் ஓடாத நேரத்தில் வேலை தொடங்குவோர், பயணச்சீட்டின் விலையைத் தாங்க முடியாதோர், கல்லூரி மாணவர்கள், வீடு வீடாக உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் எனப் பலதிறப்பட்டவர்கள் இவர்கள். இவர்களின் முதுகுப் பக்கத்துப் பாதுகாப்பைப் பற்றி இவ்வாரம் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம்.

அண்மையில் எமக்கு நன்கு தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சென்றோம். நாற்பது வயதைத் தாண்டியவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. அதிகாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகையில், பின்னால் வந்த காரின் பக்கக் கண்ணாடி அவரது ஹாண்டிலில் தட்டியது. வீதியோரம் விழுந்தார். கார் நிற்கவில்லை. மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் வேலையில்லை. பொலிசில் முறையிட்டீர்களா என்று கேட்டோம். "எங்களை ஆர் நம்பப் போறாங்கள், மாஸ்ரர்? கார் நம்பரும் தெரியாது. ஏன் வீண் சோலி?" என்றார். சைக்கிளில் பின்விளக்கு இருந்ததா என்று கேட்டோம். விளக்கு இருந்தது, பற்றரி முடிந்து இரண்டு கிழமை என்று அவரது மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னார்.

இந்த இரண்டு பதில்களும் எம் மனதை விட்டு அகலவில்லை. ஒன்று, வெளிச்சம் இல்லாமற் போன அலட்சியம். மற்றது, வாய் திறவாமல் இருந்துவிட்ட அச்சம். இவ்விரண்டும் இந்த நாட்டில் நாம் கற்றவை அல்ல; ஊரிலிருந்து எம்முடன் கூட வந்தவை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை இறுகி, பெற்றோலும் பற்றரியும் வராமற் போனபோது குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றதும் சைக்கிளிலேதான். விறகு மூட்டையை ஏற்றியதும் சைக்கிளிலேதான். பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பெண்கள் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனியாகச் சென்று வந்ததும் அந்தச் சைக்கிள்களில்தான்.

ஆயினும் அதே காலம் எமக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. வெளிச்சம் தெரிந்தால் ஆபத்து என்பதே அது. வானத்தில் இரைச்சல் கேட்டவுடன் விளக்கை அணைத்தோம். இரவில் பின்னால் ஒரு வாகனம் வருவது கேட்டால் வேலியோரம் ஒதுங்கி, அது கடந்து போகும்வரை மூச்சை அடக்கி நின்றோம். சோதனைச் சாவடியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, தலை குனிந்து நடந்தோம். பார்த்ததைப் பார்த்தோம் என்று சொல்லாதிருப்பதே உயிர் காக்கும் வழியாக இருந்தது. அன்று அது கோழைத்தனம் அல்ல, விவேகம். ஆனால் அந்த விவேகம் இந்த நாட்டு வீதியில் எமக்கு எதிராகவே வேலை செய்கிறது. இங்கு கறுப்புக் குளிரங்கியுடன், விளக்கின்றி, ஓரமாக ஒதுங்கிச் செல்பவரே முதலில் அடிபடுகிறார். அடிபட்ட பின்பும் பேசாதிருப்பவர் தமக்கு உரியதை இழக்கிறார்.

இப்போது விடயத்துக்கு வருவோம். மேற்சொன்ன வீட்டின் மூத்த மகன் கல்லூரி மாணவன். தகப்பனுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் நண்பனொருவனிடம் இரவல் வாங்கிய சிறு கருவியொன்றை எமக்குக் காட்டினான். ஆசனத்தின் கீழ்த் தண்டில் பொருத்தும் பின்விளக்கு அது. ஆனால் வெறும் விளக்கன்று. அதனுள் ஒரு ராடரும் ஒரு கமராவும் இருக்கின்றன. பின்னால் வாகனம் வருவதை ஹாண்டிலிலுள்ள சிறு திரையிலோ கைத்தொலைபேசியிலோ ஒலியெழுப்பி அறிவிக்கிறது. வருவதைப் படமும் பிடிக்கிறது.

ராடர் என்ற சொல்லை எம்மவர்கள் போர்ச் செய்திகளிலேயே முதலில் கேட்டோம். அதே தொழில்நுட்பம் இன்று கைக்கடக்கமான விளக்கொன்றினுள் புகுந்துள்ளது. தென்னாபிரிக்காவின் ஐக்குபு என்ற சிறு நிறுவனம் இவ்வகைக் கருவியை உருவாக்கியது. அதனை 2015 இல் அமெரிக்க நிறுவனமான கார்மின் வாங்கி, அதே ஆண்டில் வேரியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்விளக்கினுள் கமராவை வைக்கும் எண்ணத்தை அவுஸ்திரேலியாவின் சைக்ளிக் நிறுவனம் 2014 அளவிலேயே நடைமுறைப்படுத்தியிருந்தது. விளக்கு, ராடர், கமரா மூன்றும் ஒன்றாகிய வேரியாக் கருவி 2022 இல் வந்தது. இன்று வேறு சில நிறுவனங்களும் ராடர் விளக்குகளை விற்கின்றன.

இது வேலை செய்யும் முறையை விளங்கிக்கொள்வது கடினமன்று. யாழ்தேவி ஊதிக்கொண்டு நிலையத்தை நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், எம்மைக் கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்டதை நினைத்துப் பாருங்கள். நெருங்கிவரும் பொருளிலிருந்து வரும் அலைகள் நெருக்கமாகின்றன, விலகும்போது அகல்கின்றன. ஒஸ்ரியரான கிறிஸ்ரியன் டொப்ளர் 1842 இல் விளக்கிய உண்மை இது. கருவி பின்னோக்கி வானொலி அலைகளை அனுப்புகிறது. அவை வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு, வாகனம் எவ்வளவு வேகமாக எம்மை நெருங்குகிறது என்பதைக் கணிக்கிறது. பொலிசார் வேகத்தை அளக்கப் பாவிக்கும் கருவியின் அடிப்படையும் இதுவே.

வேரியாக் கருவி ஏறத்தாழ 140 மீற்றர் தூரத்திலேயே வாகனத்தைக் கண்டுகொள்ளும் என்று தயாரிப்பாளர் கூறுகின்றனர். இதனை ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம். நாம் மணிக்கு 15 மைல் வேகத்தில் செல்கிறோம். பின்னால் 30 மைல் வேகத்தில் கார் வருகிறது. இடைவெளி மணிக்கு 15 மைல் வீதம் குறைகிறது. 140 மீற்றரைக் கடக்க அக்காருக்கு ஏறத்தாழ 21 விநாடி தேவை. நகருக்கு வெளியே 60 மைல் வேகத்தில் வரும் காராயின் 7 விநாடி. திரும்பிப் பார்க்கவும், குழியைத் தவிர்த்து நேராகச் செல்லவும், ஹாண்டிலை உறுதியாகப் பிடிக்கவும் 7 விநாடி போதுமானது. காற்று காதில் இரையும்போதும், குளிருக்குத் தலையை மூடியிருக்கும்போதும் காது தராத செய்தியைக் கருவி தருகிறது. ஊரிலே லொறி வருவதை அரை மைலுக்கு அப்பாலேயே கேட்டு ஒதுங்கிய காதுகள் எம்முடையவை. இங்கே அந்தக் காதுகள் போதா.

இத்தனை நன்மைகளையும் சொன்ன நாம் அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். விற்பனையாளர் சொல்லாததைச் சொல்வதே பத்திரிகையின் கடமை.

முதலாவது, ராடர் பின்னால் மட்டுமே பார்க்கிறது. பிரித்தானியாவில் சைக்கிளோட்டிகள் சிக்கும் விபத்துகளின் பெரும்பகுதி சந்திகளிலும் அவற்றின் அண்மையிலுமே நிகழ்கின்றன. பக்க வீதியிலிருந்து திடீரென வெளிப்படும் கார், இடப்பக்கம் திரும்பும் லொறி, நிறுத்திய காரின் கதவைத் திறப்பவர் ஆகியோரைப் பற்றி இக்கருவி ஒரு வார்த்தையும் சொல்லாது. இரண்டாவது, வாகனம் எம்மைச் சமவேகத்தில் பின்தொடருமாயின் நெருங்கும் வேகம் இல்லாதபடியால் ராடர் அதனைத் தவறவிடக்கூடும். பெரிய வாகனமொன்றின் பின்னால் மறைந்துவரும் சிறிய வாகனமும், வளைவுக்கு அப்பால் வருவதும் அவ்வாறே. மூன்றாவது, ஈஸ்ற்ஹாம் அல்லது ரூற்றிங் கடைத்தெருவில், வாகனங்கள் ஓயாது வரும் வேளையில், கருவியும் ஓயாது ஒலிக்கும். ஓயாது ஒலிக்கும் மணியை மனிதக் காது விரைவில் மறந்துவிடும். ஆகவே அதன் மெய்யான பயன் வாகனம் குறைந்த, வேகம் கூடிய வீதிகளிலேயே கிடைக்கிறது.

நான்காவதும் முக்கியமானதுமான குறை, வருகின்ற சாரதி எம்மைக் கண்டாரா, எவ்வளவு இடம் விட்டுக் கடப்பார் என்பதை ராடர் அறியாது. ஆபத்து வருகிறது என்று அது சொல்லும், ஆபத்தைத் தடுக்காது. எனவே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை எக்கருவிக்காகவும் கைவிடலாகாது. இந்தப் பழக்கத்தை இங்குள்ள பாடசாலைகளில் பைக்கபிலிற்றி என்ற பயிற்சியின் மூலம் கற்பிக்கின்றனர். இங்கிலாந்தில் 2007 இல் ஆரம்பமான இத்திட்டத்தில் பிள்ளைகள் விளையாட்டிடத்தில் தொடங்கி, பின்னர் பயிற்றுநருடன் மெய்யான வீதியில் ஓடிப் பழகுகின்றனர். பாடசாலை அனுப்பும் அனுமதிக் கடிதத்தை, 'எங்கட பிள்ளைக்கு றோட்டு வேண்டாம்' என்று கையொப்பமிடாது திருப்பியனுப்பும் பெற்றோரை நாம் அறிவோம். பன்னிரண்டு வயதில் பயிற்சியைத் தடுத்த பிள்ளை பதினேழு வயதில் எவரையும் கேட்காமல் நண்பனின் சைக்கிளில் ஏறும். அப்போது தடுக்கவும் முடியாது, கற்பிக்கவும் முடியாது.

விலையையும் பார்ப்போம். 2022 இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது ராடரும் கமராவும் கொண்ட கருவியின் விலை 400 டொலர். கமரா இல்லாத ராடர் விளக்கு ஏறத்தாழ அதன் பாதி விலை. வீட்டு வாடகையையும் ஊருக்கு அனுப்பும் காசையும் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய தொகையன்று. எமது குடும்பங்களில் பலர் பாவிக்கும் சைக்கிளின் விலையே அதைவிடக் குறைவு. ஆகவே எதை முதலில் வாங்குவது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில் விளக்கு. இந்நாட்டுச் சட்டப்படி இரவில் சைக்கிளின் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். பின்னால் சிவப்புத் தெறிப்பானும், 1985 ஒக்ரோபருக்குப் பின் தயாரிக்கப்பட்ட சைக்கிளாயின் மிதிகளில் செம்மஞ்சள் தெறிப்பான்களும் இருக்க வேண்டும். மினுக்கும் விளக்குக்கு 2005 முதல் அனுமதி உண்டு. சாதாரண மின்னேற்ற விளக்குச் சோடியொன்றின் விலை, குடும்பமாக ஒருமுறை கொத்துரொட்டி வாங்கும் செலவுக்கு மேற்படாது. ஊரில் பாவித்த டைனமோ, சைக்கிள் நின்றவுடன் அணைந்துவிடும். சந்தியில் நிற்கும் வேளையிலேயே நாம் இருட்டாகி விடுவோம். இன்றைய விளக்குகளுக்கு அக்குறை இல்லை. ஆனால் மின்னேற்ற மறந்த விளக்கு, பற்றரி முடிந்த விளக்கைப் போன்றதே. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் இடத்திலேயே சைக்கிள் விளக்குக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

அடுத்து, தெறிக்கும் பட்டி தைத்த மேலங்கியும் ஹாண்டிலில் பொருத்தும் சிறு கண்ணாடியும். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்கு மின்னேற்றவும் வேண்டாம். சில பவுண்களே விலை. ராடரின் வேலையில் ஒரு பகுதியை அது செய்யும். இவ்வளவும் ஆன பின்னர், நகருக்கு வெளியே வேகமான வீதிகளில் நாள்தோறும் ஓடுவோருக்குக் கையில் காசிருக்குமாயின், ராடர் விளக்கை வாங்கட்டும். அதனை ஆடம்பரம் என்று நாம் பழிக்கமாட்டோம். பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் உலங்கு வானூர்தியும் பேசும் சமூகத்துக்கு, வேலைக்குப் போகும் மகனின் முதுகைக் காக்கும் கருவியை ஆடம்பரம் என்று சொல்ல உரிமை இல்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இடிக்கக்கூடியவர் கார்ச் சாரதியாக இருக்க, காசு செலவழித்து எச்சரிக்கைக் கருவி வாங்க வேண்டியவர் சைக்கிளோட்டியா? 2023 இல் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 87 சைக்கிளோட்டிகள் உயிரிழந்தனர். இப்பொறுப்பை மெலியவரின் தலையில் மட்டும் சுமத்துவது தவறு என்பதே எமது கருத்து. இந்நாட்டு வீதி ஒழுங்குக் கோவையும் அவ்வாறே கூறுகிறது. 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, அதிக தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தைச் செலுத்துபவருக்கே அதிக பொறுப்பு உண்டு. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீற்றர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி, இடைவெளி விடவேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூடவேண்டும். இலண்டனில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளின் சாரதிக்குத் தன்னைச் சுற்றி எவ்வளவு நேரடியாகத் தெரிகிறது என்பதை அளந்து அனுமதி வழங்கும் முறை 2021 மார்ச் முதல் அமுலில் உள்ளது. 2024 ஒக்ரோபரில் அது மேலும் இறுக்கப்பட்டது. பலமுள்ளவரைக் கட்டுப்படுத்தும் இவ்வகை விதிகள் எந்த விளக்கையும்விட அதிக உயிர்களைக் காக்கவல்லவை.

எம்மவர்களில் கார் ஓட்டுவோரும் இதனைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் சைக்கிளில் போனவரே இன்று காரில் இருந்துகொண்டு சைக்கிள்காரனுக்கு ஹோர்ன் அடிப்பதைக் காண்கிறோம். ஒன்றரை மீற்றர் என்பது இன்னொருவரின் தகப்பனுக்கும் மகனுக்கும் நாம் விடும் இடம்.

இனி கமராவைப் பற்றி. எமது கருத்தில், அகதியாக வந்த குடும்பங்களுக்கு ராடரைவிட அதிக பொருளுடையது இதுவே. "எங்களை ஆர் நம்பப் போறாங்கள்" என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. கமராவுக்கு உச்சரிப்புப் பிழை இல்லை. அது பதற்றத்தில் காலத்தையும் நிறத்தையும் மாறிச் சொல்லாது. வாகன இலக்கத் தகட்டையும், எவ்வளவு நெருக்கமாகக் கடந்தது என்பதையும் கண்டபடியே காட்டும். நினைவகம் நிறைந்ததும் பழைய காட்சியை அழித்துப் புதியதைப் பதியும் கருவி, மோதலை உணர்ந்தால் அதற்கு முன்னும் பின்னுமான காட்சியைத் தனியே காப்பாற்றி வைக்கும்.

ஆயினும் கமரா தானாகப் பொலிஸ் நிலையம் போகாது. 2016 இல் வட வேல்ஸில் பொலிசார், பொதுமக்கள் அனுப்பும் வீதிக் காட்சிகளை ஏற்று நடவடிக்கை எடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கினர். அதே ஆண்டில் மேற்கு மிட்லண்ட்ஸ் பொலிசார், சைக்கிள்களை நெருங்கிக் கடக்கும் சாரதிகளைப் பிடிக்க, சீருடையின்றிச் சைக்கிளில் இறங்கினர். இன்று இலண்டன் உட்படப் பல பகுதிகளில் இணையத்தின் வழியே காட்சியை அனுப்பலாம். கவனமின்றி வாகனம் செலுத்திய குற்றத்துக்கு 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும் விதிக்கப்படலாம். பாரதூரமானவை நீதிமன்றுக்குச் செல்லும். ஆனால் விபத்து நேராத, நெருங்கிக் கடந்த சம்பவங்களில், வழக்குத் தொடரும் எண்ணத்தை வாகன உரிமையாளருக்குப் பொலிசார் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பதின்மூன்றாம் நாள் அனுப்பும் காட்சியால் பயனில்லை. அன்றோ மறுநாளோ அனுப்புங்கள். வெட்டி ஒட்டாமல் முழுமையாக அனுப்புங்கள். முகநூலில் போடுவதைத் தவிருங்கள். அது வழக்கைக் கெடுக்கும்.

மோதி விட்டு ஓடியவரைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். விபத்தில் ஒருவர் காயமடைந்தால் சாரதி நின்று விபரம் கொடுக்க வேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம். நிற்காமற் போனால் அது குற்றம். சாரதி யாரென்றே தெரியாவிடினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. காப்புறுதி இல்லாத, அடையாளம் காணப்படாத சாரதிகளால் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கவே மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் 1946 முதல் இயங்கிவருகிறது. ஆனால் அதன் கதவைத் தட்டுவதற்குப் பொலிசில் முறையிட்டிருக்க வேண்டும். இயன்றளவு விரைவாக முறையிட்டிருக்க வேண்டும். மௌனம் காத்தவருக்கு இவ்வழியும் அடைபடுகிறது. ஆறு வாரச் சம்பளத்தை இழந்த குடும்பத்துக்கு இது சிறிய விடயமா?

பொலிஸ் என்றதும் எம்மவர் நெஞ்சு படபடப்பதை நாம் அறிவோம். வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்போருக்கு அந்தப் படபடப்பு இருமடங்கு. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் பரிகசிக்கவில்லை. ஆயினும் அடிபட்டவன் முறையிடுவதும் கண்டவன் சாட்சி சொல்வதும் குற்றம் அல்ல. வாக்குமூலத்துக்கும் நீதிமன்றுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தனியே போகத் தயங்குவோர் ஆங்கிலம் தெரிந்த ஒருவரையோ சட்ட ஆலோசனை நிலையத்தையோ நாடலாம். வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் தமது சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டபின் செல்வது மன அமைதி தரும்.

கமராவைப் பாவிப்பதில் பண்பும் வேண்டும். பொது வீதியில் படம் பிடிப்பது இந்நாட்டில் குற்றமன்று என்பதற்காக, கண்டவரையெல்லாம் பிடித்து ஊருக்குக் காட்டுவது முறையன்று. மகன் எங்கே போனான், யாருடன் நின்றான் என்று இரவில் கமராவைப் போட்டுப் பார்க்கும் தகப்பன்மாருக்கும் ஒரு சொல்: அப்படிச் செய்தால் மறுநாளே மகன் கமராவைக் கழற்றி வைத்துவிடுவான், அதனுடன் விளக்கும் போய்விடும். வேறு நாடுகளில் உள்ள உறவினருக்கு இக்கருவியை வாங்கி அனுப்புவோர் அந்நாட்டுச் சட்டத்தையும் விசாரிக்கவும். ஜேர்மனியில் சைக்கிளின் பின்விளக்கு மினுக்கக்கூடாது. வாகனக் கமராவால் இடைவிடாது பதிவு செய்வது அங்கு தனியுரிமைச் சட்டத்துக்கு முரணானது. ஆயினும் விபத்து வழக்கில் அத்தகைய பதிவைச் சான்றாக ஏற்கலாம் என 2018 மே மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்று தீர்ப்பளித்தது.

எமது சமூக நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் கலைவிழாவுக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்க்கிறோம். ஒவ்வோர் ஒக்ரோபர் மாதமும், கடிகாரத்தைத் திருப்புவதற்கு முன்னரான சனிக்கிழமையில், ஒரு மணித்தியாலத்தை விளக்குகளுக்கு ஒதுக்க முடியாதா? பிள்ளைகளும் பெற்றோரும் சைக்கிளுடன் வரட்டும். விளக்கு எரிகிறதா, தடை பிடிக்கிறதா என்று பார்ப்போம். இயலாத குடும்பங்களுக்குக் கோவில்களும் பழைய மாணவர் சங்கங்களும் விளக்குகளை வாங்கிக் கொடுக்கட்டும். பல உள்ளூராட்சி மன்றங்கள் சைக்கிளை இலவசமாகச் சோதிக்கும் நாட்களையும், வளர்ந்தோருக்கான பயிற்சிகளையும் நடத்துகின்றன. அவற்றுக்கு எமது பெண்களும் வரவேண்டும். கோண்டாவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நாள்தோறும் சைக்கிளில் படிக்கப் போனவர்கள், இங்கு இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போவது ஏன்?

ராடர் விளக்கு வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதி. ஆனால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி செல்வதும், தீங்கு நேர்ந்தால் அதனை உரிய இடத்தில் சொல்வதும் அனைவருக்கும் இயலும். ஒளிந்தும் மௌனமாகவும் இருந்து உயிர் தப்பிய தலைமுறை நாம். எமது பிள்ளைகள் அந்தப் பழக்கத்தையும் முதுசமாகப் பெறவேண்டியதில்லை.

இக்கட்டுரையை எழுதுமுன் மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றோம். நடைபாதையில் சாத்தியிருந்த சைக்கிளில் புதிய பின்விளக்கொன்று பூட்டியிருந்தது. ராடரும் இல்லை, கமராவும் இல்லை, சாதாரண சிவப்பு விளக்கு. மகன் வாங்கிப் பூட்டினானாம். தகப்பன் தேநீரைக் கையில் தந்துவிட்டு, "இனியும் போய்ச் சொல்லலாமோ, மாஸ்ரர்?" என்று மெதுவாகக் கேட்டார். காயத்துக்கான கோரிக்கைக்குப் பொதுவாக மூன்று ஆண்டு எல்லை உண்டு என்றும், ஆயினும் பொலிசுக்குச் சொல்வதில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நட்டமே என்றும் கூறினோம். வருகிற திங்கட்கிழமை காலை அவருடன் நாமும் பொலிஸ் நிலையம் செல்கிறோம்.